லைப்ரரி எழுதுபவர்களுக்குத் திறமூல லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பராமரிக்கும் சிறு லைப்ரரிகளுக்கு (மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்புகள்) வருகிற கடிதங்களில் பாதி பிழைகளைப் பற்றியவை, மீதி லைசென்ஸைப் பற்றியவை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. லைப்ரரி எழுதி, லைசென்ஸில் சில தவறுகள் செய்து, திருத்திக்கொண்டவன். பெரிய பணமோ வழக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் 'காப்புரிமை' என்ற சொல்லைச் சிலர் எழுத்தின் மீதான உரிமைக்கும், சிலர் கண்டுபிடிப்பின் மீதான உரிமைக்கும் எழுதுகிறார்கள். லைசென்ஸ் விஷயத்தில் அந்த இரண்டும் வேறு வேறு. அதனால் நிரல் வரிகளின் மீதான உரிமையைப் பதிப்புரிமை என்றும், மற்றதைப் பேட்டன்ட் என்றும் எழுதுகிறேன்.

ரெப்போவை (நிரல் கோப்புகளின் சேமிப்பிடத்தை) பொதுவில் வைத்துவிட்டேன். லைசென்ஸ் என்று தனியாக வேறு வேண்டுமா?

வேண்டும். லைசென்ஸ் இல்லாத நிரலைப் பார்க்கலாம், தொடக்கூடாது. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் (உலகில் பெரும்பாலான நாடுகள் அதில் உண்டு) நீங்கள் எழுதிய கணமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டாம், எந்தக் குறியும் போட வேண்டாம். நீங்கள் வாய் திறக்காவிட்டால், "எல்லா உரிமையும் எழுதியவருக்கே" என்று சட்டமே உங்களுக்காகச் சொல்லிவிடும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹபின் விதிமுறைகள் பொது ரெப்போவைப் பார்க்கவும், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யவும் (தனக்கென ஒரு பிரதி எடுக்கவும்) மற்றவர்களுக்கு அனுமதி தருகின்றன. எடுத்துத் தன் மென்பொருளில் சேர்த்து வெளியிட அது போதாது.

என் முதல் லைப்ரரி, தேதிகளைப் பிரித்துப் படிக்கும் நானூறு வரி. "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் பெருந்தன்மையாக எழுதியிருந்தேன். சில மாதம் கழித்து ஒருவர் கேட்டார்: "எடுத்துக்கொள்ளலாம், சரி. மாற்றலாமா? மாற்றியதை விற்கலாமா? நாளைக்கு நீங்கள் மனம் மாறினால்? எங்கள் சட்டப் பிரிவு கேட்கிறது." என் ஒற்றை வரியில் இதில் எதற்கும் பதில் இல்லை. நான் யோசித்துப் பதில் எழுதுவதற்குள் அவர் அந்த நானூறு வரியைத் தானே எழுதி முடித்துவிட்டார்.

இலவசமாகக் கொடுத்ததற்கு நிபந்தனை போட்டால் நீதிமன்றத்தில் நிற்குமா?

நிற்கிறது. மாதிரி ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருளின் கோப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு ஒருவர் தன் வணிகப் பொருளில் பயன்படுத்தினார். ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கில் 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பணம் வாங்கவில்லை என்பதற்காக நிபந்தனை வெறும் வேண்டுகோள் ஆகிவிடாது, மீறினால் அது பதிப்புரிமை மீறல். லைப்ரரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. ஜிபிஎல் என்ற லைசென்ஸில் (சேர்த்த மென்பொருளையும் அதே நிபந்தனையில் தரச் சொல்வது, கீழே வருகிறது) இருந்த லாசோ என்ற லைப்ரரியை எழுதிய சிறு நிறுவனம், அதைத் தன் தீர்வில் சேர்த்த பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2024-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறு நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

முழு மென்பொருள் எழுதுபவருக்கும் லைப்ரரி எழுதுபவருக்கும் லைசென்ஸில் அப்படி என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தையே நான் எழுதக் காரணம் இந்தக் கேள்விதான். முழு மென்பொருளை மக்கள் நிறுவி ஓட்டுகிறார்கள். அதன் லைசென்ஸ் பெரும்பாலும் அவர்களைத் தொடுவதே இல்லை. லைப்ரரி அப்படியல்ல, அது இன்னொருவர் நிரலுக்குள் குடியேறுகிறது. அவர் தன் நிரலை வெளியிடும்போது உங்கள் நிபந்தனைகளையும் சுமந்துகொண்டுதான் வெளியிட வேண்டும். அவருடையதும் ஒரு லைப்ரரி என்றால், அவரைப் பயன்படுத்துபவரும் சுமக்க வேண்டும். ஒரு வெப் ப்ராஜெக்டின் சார்புப் பட்டியலை, அதாவது அது பயன்படுத்தும் லைப்ரரிகளின் பட்டியலை, விரித்துப் பாருங்கள். நீங்களாகச் சேர்த்தது இருபது இருக்கும், அவை இழுத்துக்கொண்டு வந்தது சில நூறு இருக்கும். உங்கள் லைப்ரரி எங்கோ மூன்றாம், நான்காம் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் குடியிருப்பதே தெரியாது.

தெரியாமல் குடியிருந்தது வெளியே வந்தால் என்ன ஆகும்? 2021 மார்ச்சில் ரூபி என்ற நிரல்மொழியின் உலகில் நடந்தது. ஒரு கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்கும் மைம்மேஜிக் என்ற சின்ன லைப்ரரி எம்ஐடி என்ற தளர்வான லைசென்ஸில் இருந்தது. ரூபியில் வெப் மென்பொருள் எழுத உதவும் ரெயில்ஸ் சட்டகமே வேறொரு லைப்ரரி வழியாக அதைச் சார்ந்திருந்தது. கோப்பு வகைகளின் பட்டியலை மைம்மேஜிக் வேறொரு திட்டத்திலிருந்து எடுத்துத் தன்னோடு வைத்திருந்தது. அந்தத் திட்டம் ஜிபிஎல் 2. அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். மைம்மேஜிக்கின் ஆசிரியர் நேர்மையாக நடந்துகொண்டார்: லைசென்ஸை ஜிபிஎல்லுக்கு மாற்றிப் புதிய பதிப்பு விட்டார், பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றார். அவ்வளவுதான், எங்கெங்கோ ரெயில்ஸ் பயன்பாடுகள் நிறுவ முடியாமல் நின்றன. நின்றவர்களில் பலர் மைம்மேஜிக் என்ற பெயரையே அன்றுதான் முதல்முறை கேட்டார்கள். அந்தத் தரவைத் தன்னோடு சேர்த்துத் தராத எம்ஐடி பதிப்பு பிறகு வந்தது. ரெயில்ஸும் அந்தச் சார்பைக் கழற்றிவிட்டது. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

சின்ன லைப்ரரி, யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி என்றால் எம்ஐடி. பல நிறுவனங்கள் கைவைக்கப் போகும் பெரிய லைப்ரரி, அல்லது வீடியோ சுருக்கம் போலப் பேட்டன்ட் நிறைந்த துறை என்றால் அப்பாச்சி 2.0. லைப்ரரியில் செய்யும் திருத்தம் வெளியே வர வேண்டும், ஆனால் பயன்படுத்துபவரின் சொந்த நிரலில் கை வைக்க விரும்பவில்லை என்றால் எம்பிஎல் 2.0. பயன்படுத்துபவரின் மென்பொருளும் கட்டற்றதாகவே (யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடியதாக) இருக்க வேண்டும் என்றால் ஜிபிஎல்.

முடிவெடுக்கும் முன் அந்த மொழியில் அக்கம்பக்கத்து லைப்ரரிகள் எதில் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாரும் எம்ஐடியில் இருக்கும் இடத்தில் வேறொன்றை எடுக்கலாம், தவறில்லை. ஏன் என்ற கேள்விக்கு மாதம் ஒருமுறை பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

எதைச் செய்தாலும் லைசென்ஸைச் சொந்தமாக எழுதாதீர்கள். 1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், எது திறமூலம் என்பதற்குப் பத்து அம்ச வரையறை வைத்து, அதன்படி ஏற்ற லைசென்ஸ்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. அதில் இருப்பவற்றில் ஒன்றை, ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுங்கள். நிறுவனங்களில் லைசென்ஸை முதலில் படிப்பது இயந்திரம். தெரிந்த வாசகம் என்றால் பச்சை விளக்கு. ஒரு வாக்கியம் கூடினாலும் மனிதரிடம் போகும், அங்கிருந்து பெரும்பாலும் திரும்பி வராது.

எம்ஐடி உண்மையில் என்ன கேட்கிறது?

ஒன்றே ஒன்று: உங்கள் பதிப்புரிமை வரியும் அந்த அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும், கணிசமான பகுதியை எடுத்தால் அதிலும், இருக்க வேண்டும். மூலநிரலைத் தர வேண்டாம், திருத்தத்தைச் சொல்ல வேண்டாம், முகப்பில் நன்றி போட வேண்டாம்.

இந்த ஒன்றையும் பலர் மீறுகிறார்கள், பெரும்பாலும் தெரியாமல். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கோப்பின் தலையில் சாதாரணக் கருத்துரையாக உங்கள் பெயரையும் லைசென்ஸையும் எழுதுகிறீர்கள். பயன்படுத்துபவரின் மினிஃபையர் (நிரலைச் சுருக்கும் கருவி) கருத்துரைகளையெல்லாம் வெட்டிவிட்டு ஒரே வரியாக்கி அனுப்புகிறது. உங்கள் பெயர் போயிற்று, யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதே கருத்துரையை, ஸ்லாஷும் நட்சத்திரமும் போட்டவுடன் ஒரு ஆச்சரியக்குறி வைத்துத் தொடங்கினால், டெர்சர் போன்ற கருவிகள் அதை விட்டுவைக்கும். ஒரே ஒரு குறி. என் லைப்ரரிகள் எல்லாவற்றிலும் இதைச் சேர்த்த பிறகுதான் மற்றவர்களின் தளங்களில் என் பெயரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிஎஸ்டி லைசென்ஸ்களும் இதே குடும்பம். இரண்டு உட்பிரிவு பிஎஸ்டி கிட்டத்தட்ட எம்ஐடிதான். மூன்று உட்பிரிவு, உங்கள் பெயரைச் சொல்லி விளம்பரம் தேடக்கூடாது என்கிறது. பழைய நான்கு உட்பிரிவுப் பதிப்பு ஒவ்வொரு விளம்பரத்திலும் பெயர் போடச் சொன்னது; பெர்க்லி பல்கலைக்கழகமே 1999-இல் அதைக் கைவிட்டது. புதிதாக யாரும் எடுக்க வேண்டாம்.

அப்பாச்சி 2.0 ஏன் இவ்வளவு நீளம்?

பேட்டன்ட் காரணமாக. எம்ஐடி வாசகம் பேட்டன்ட் என்ற சொல்லையே சொல்லாது. 2004-இல் வந்த அப்பாச்சி 2.0-இல் பங்களிக்கும் ஒவ்வொருவரும், தன் பங்களிப்பைப் பயன்படுத்தத் தேவையான தன் பேட்டன்ட்டுக்கும் அனுமதி தந்துவிடுகிறார். இந்த மென்பொருள் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டால், அதில் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி அன்றோடு முடிந்துவிடும். பதிலுக்கு உங்களுக்கு இரண்டு சின்ன வேலைகள்: மாற்றிய கோப்பில் மாற்றினேன் என்று குறிக்க வேண்டும், நோட்டிஸ் என்ற கோப்பு இருந்தால் அதையும் கூடவே அனுப்ப வேண்டும்.

பேட்டன்ட் விதியைச் சொந்தமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேஸ்புக்கின் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட் உதாரணம். பிஎஸ்டி லைசென்ஸோடு ஃபேஸ்புக் தனியாக ஒரு பேட்டன்ட் வாசகத்தை ஒட்டியிருந்தது. ஃபேஸ்புக் மீது பேட்டன்ட் வழக்குப் போட்டால் அனுமதி போய்விடும், அந்த வழக்குக்கும் ரியாக்ட்டுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த லைசென்ஸுக்குத் தடை போட்டது. செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது.

லைப்ரரியை ஜிபிஎல்லில் வெளியிடலாமா?

தாராளமாக. விளைவு தெரிந்து செய்யுங்கள். ஜிபிஎல் லைப்ரரியைச் சேர்த்த மென்பொருளை வெளியே விநியோகித்தால், மொத்தத்தையும் ஜிபிஎல் நிபந்தனைகளில் தர வேண்டும் என்பது அதை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. நிறுவனத்துக்குள்ளேயே ஓட்டினால் அந்தக் கடமை வராது.

இதைத் தெரிந்தே ஆயுதமாக எடுத்தார்கள். முனையத்தில் கட்டளை தட்டும்போது முந்தைய வரியை மேல் அம்புக்குறியால் கொண்டுவந்து திருத்துகிறோமே, அந்த வசதியைத் தரும் லைப்ரரிகளில் ரீட்லைன் முக்கியமானது. அதை ஜிபிஎல்லில் வைத்தார்கள். சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கம் ரீட்லைனைச் சேர்த்துக்கொண்டது. அந்த அறக்கட்டளையைத் தொடங்கிய ஸ்டால்மன் சுட்டிக்காட்ட, வாதத்துக்குப் பிறகு சிலிஸ்ப்பே ஜிபிஎல்லுக்கு மாறியது. ஸ்டால்மன் வாதத்தின் சாரம் இது: மாற்று எங்கும் கிடைக்காத லைப்ரரி என்றால் ஜிபிஎல் போடு, கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு மட்டும் அது ஒரு சாதகமாக இருக்கட்டும். ஏற்கெனவே பத்து மாற்றுகள் இருந்தால் எல்ஜிபிஎல் போடு. என் அனுபவத்தில் நம்மில் பெரும்பாலோர் எழுதுவது பத்தோடு பதினொன்றுதான். ஜிபிஎல் போட்டால் ஆட்கள் ஜிபிஎல்லுக்கு மாற மாட்டார்கள், பக்கத்து லைப்ரரிக்குப் போவார்கள்.

அந்த எல்ஜிபிஎல் என்ன?

1991-இல் 'லைப்ரரி ஜிபிஎல்' என்ற பெயரில் வந்தது, 1999-இல் 'லெஸ்ஸர் ஜிபிஎல்' ஆனது. லைப்ரரியை மாற்றினால் மாற்றத்தைத் தர வேண்டும், லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். கேட்க எளிது. ஆனால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: மென்பொருளை வாங்கியவர் உங்கள் லைப்ரரியின் திருத்திய பதிப்பை அதில் மாற்றிப் பொருத்த முடிய வேண்டும். லைப்ரரி தனிக் கோப்பாக, ஓடும்போது இணைவதாக இருந்தால் கோப்பை மாற்றி வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக உருக்கி ஒட்டும் மொழி என்றால், மீண்டும் இணைக்கத் தேவையான ஆப்ஜெக்ட் (கம்பைல் செய்த) கோப்புகளையோ அதற்கு ஈடான ஒன்றையோ தர வேண்டும். ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் வழக்கமே இந்த ஒட்டுதான். மொபைல் செயலிக் கடைகளில் சிக்கல் இன்னும் அதிகம். ஹெடர் கோப்பிலிருந்து பத்து வரிக்கு மேற்படாத இன்லைன் நிரல் உள்ளே வந்தால் பரவாயில்லை என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறது. சி மொழிக்காரர்கள் உட்கார்ந்து எழுதிய லைசென்ஸ் என்பது அந்த ஒரு இடத்திலேயே தெரியும்.

அதனால் இன்றைக்கு அதே நோக்கத்துக்கு நான் எம்பிஎல் 2.0-ஐத்தான் சொல்வேன். அதன் கணக்கு கோப்புவாரியாக. உங்கள் கோப்பில் செய்த திருத்தம் வெளியே வர வேண்டும். பக்கத்தில் அவர் எழுதிய கோப்பு அவருடையது. எப்படி இணைத்தார் என்ற கேள்வியே இல்லை.

ஏஜிபிஎல்?

விநியோகிக்காமல் சர்வரில் வைத்து, நெட்வொர்க் வழியாக மட்டும் சேவை தருபவருக்கும் ஜிபிஎல்லின் கடமையை நீட்டுகிறது. முழு சர்வர் மென்பொருளுக்குப் பொருந்தும். லைப்ரரிக்குப் போட்டால் பல நிறுவனங்கள் கதவருகிலேயே நிறுத்திவிடும். இரட்டை லைசென்ஸில் (ஏஜிபிஎல் இலவசம், அது வேண்டாதவருக்குக் காசுக்கு வேறு லைசென்ஸ்) பணம் பண்ணும் திட்டம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மற்றவர் நிரலை என் லைப்ரரியில் சேர்க்கலாமா?

ஓட்டம் ஒரு திசையில்தான். எம்ஐடி நிரல் அப்பாச்சி திட்டத்துக்குள் போகலாம், இரண்டும் ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் போகலாம். திரும்பி வர முடியாது. ஜிபிஎல்லிலிருந்து ஒரு ஃபங்ஷனை எடுத்து எம்ஐடி லைப்ரரியில் ஒட்டினால், உங்கள் ரீட்மி எம்ஐடி என்று சொல்லிக்கொண்டிருக்கும், உண்மை வேறாக இருக்கும். மைம்மேஜிக் கதை அதுதான்.

அதிகம் பேர் விழும் குழி: 'ஜிபிஎல் 2 மட்டும்' என்ற நிரலும் அப்பாச்சி 2.0-உம் சேராது. பேட்டன்ட் நிபந்தனைதான் இடிக்கிறது. ஜிபிஎல் 3-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தைய ஏதேனும் பதிப்பு" என்ற சொற்றொடர் இருந்தால் 3-ஐ எடுத்துக்கொண்டு தப்பிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது. ரஸ்ட் மொழியில் பெரும்பாலான லைப்ரரிகள் 'எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0' என்று இரண்டையும் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டன்ட் பாதுகாப்பு வேண்டியவர் அப்பாச்சியை எடுப்பார், ஜிபிஎல் 2 திட்டக்காரர் எம்ஐடியை எடுப்பார். 'அல்லது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மற்றும்' என்று எழுதிவிடாதீர்கள். பொருளே தலைகீழாகும், இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் அந்த நகல்-ஒட்டு. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ லைசென்ஸில் இருக்கின்றன. பெயர் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே லைசென்ஸில் பகிர வேண்டும். இரண்டு வரி உத்திக்கு யாரும் வரப்போவதில்லை. நாற்பது வரி ஃபங்ஷனை அப்படியே எடுத்தீர்கள் என்றால் படித்துப் புரிந்துகொண்டு, மூடிவிட்டு, நீங்களே எழுதுங்கள்.

சார்பாக இம்போர்ட் மட்டும் செய்கிறேன், நிரலை எடுக்கவில்லை. அதற்கும் இதெல்லாம் உண்டா?

எம்ஐடி, அப்பாச்சி போன்ற தளர்வான லைசென்ஸ் என்றால் கவலை இல்லை. ஜிபிஎல் லைப்ரரியை இம்போர்ட் செய்வது வழிப்படைப்பு (அதிலிருந்து உருவான படைப்பு) ஆகுமா என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே வாதம் உண்டு, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் தீர்ப்பு ஒன்றும் வரவில்லை. நடைமுறையில், இணைந்து ஓடினால் சேரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பயன்படுத்துபவரின் சட்டப் பிரிவு அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

புல் ரிக்வெஸ்டில் (மற்றவர் அனுப்பும் திருத்தக் கோரிக்கையில்) வந்த நிரல் யாருக்குச் சொந்தம்?

எழுதியவருக்கு. நீங்கள் 'மெர்ஜ்' அழுத்தியதால் அது உங்களுடையது ஆகாது. கிட்ஹபில், ரெப்போவுக்கு இருக்கும் லைசென்ஸிலேயே பங்களிப்பும் வருகிறது என்று அதன் விதிமுறை சொல்கிறது. அப்பாச்சி 2.0 வாசகத்திலேயே அப்படி ஒரு உட்பிரிவு உண்டு. சிறு லைப்ரரிக்கு இது போதும்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் டிசிஓ என்ற முறை இருக்கிறது. 2004-இல் லினக்ஸ் கெர்னலில் தொடங்கியது. "இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு" என்பதற்கு அடையாளமாகக் கமிட்டின் (திருத்தப் பதிவின்) அடியில் பங்களிப்பாளர் தன் பெயரோடு ஒரு வரி போடுகிறார். கிட் கருவியின் கமிட் கட்டளையில் ஒரு மைனஸும் சின்ன எஸ்ஸும் சேர்த்தால் அந்த வரி தானே விழும். சிஎல்ஏ அதைவிடக் கனமானது. தனி ஒப்பந்தம், பெரும்பாலும் லைசென்ஸை மாற்றும் அதிகாரம்வரை திட்டக்காரருக்குத் தருகிறது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். நானும் போயிருக்கிறேன்.

வேலையில் இருக்கிறேன். வீட்டில் எழுதிய லைப்ரரி என்னுடையதுதானே?

நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள், இப்போதே. வேலையின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்கு என்பது பல நாடுகளில் சட்டம். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் இழுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு. உங்களுடையது இல்லாத ஒன்றுக்கு நீங்கள் லைசென்ஸ் தர முடியாது. எழுத்தில் ஒரு வரி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டால் நிம்மதி.

பின்னால் லைசென்ஸை மாற்ற முடியுமா?

நீங்கள் ஒருவரே எழுதியது என்றால் அடுத்த பதிப்பிலிருந்து மாற்றலாம். ஏற்கெனவே வெளியே போன பதிப்புகள் பழைய லைசென்ஸிலேயே இருக்கும், அவற்றை எடுத்தவர்கள் எடுத்ததுதான்.

மற்றவர் நிரல் சேர்ந்துவிட்டால் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். இணையத் தொடர்பை மறையாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய லைசென்ஸில் விளம்பர நிபந்தனை இருந்ததால் ஜிபிஎல் திட்டங்கள் தவித்தன. மாற்றப்போகிறோம் என்று 2015-இல் அறிவித்தார்கள். 2017-இல் பங்களித்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். முகவரி மாறியவர்கள், பதில் போடாதவர்கள், மறுத்தவர்கள் எல்லாரையும் கடந்து, அப்பாச்சி 2.0-இல் 3.0 பதிப்பு வந்தது 2021 செப்டம்பரில். வீடியோ பிளேயரான விஎல்சியின் லைப்ரரிப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றவும் இதே மாதிரி ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள்.

எதிர்த்திசையில் மாற்றினால் வேறு விலை. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டு, திறமூலம் அல்லாத லைசென்ஸ்களுக்குப் போனது. சில நாட்களிலேயே கடைசி பிஎஸ்டி பதிப்பிலிருந்து வால்கீ என்ற ஃபோர்க் பிறந்தது. 2025-இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது, வால்கீ தன் பாட்டுக்குத் தொடர்கிறது. ஆகவே முதல் வெளியார் பங்களிப்பு வருவதற்கு முன்பே முடிவெடுங்கள். அன்றைக்கு அது ஐந்து நிமிட வேலை.

"நல்ல காரியத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாமா?

சேர்த்தால் அது திறமூலம் இல்லை. ஆளையோ துறையையோ வைத்துப் பாகுபாடு கூடாது என்பது மேலே சொன்ன திறமூல வரையறையிலேயே இருக்கிறது. ஜேசன் லைசென்ஸ், எம்ஐடி வாசகத்தோடு "நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. லினக்ஸ் விநியோகமான டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை, அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் தடை செய்தது. தீமை எது என்று யார் சொல்வது? தீமை செய்பவர் உங்கள் லைசென்ஸைப் படித்துவிட்டுத் திருந்தப்போவதும் இல்லை.

எனக்கு எந்த உரிமையுமே வேண்டாம். பொதுவுடைமையாக (பப்ளிக் டொமைனில்) விட்டுவிடலாமா?

சில நாடுகளில் எழுதியவரே நினைத்தாலும் பதிப்புரிமையை முழுவதும் துறக்க முடியாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி பொதுவுடைமையாகத்தான் இருக்கிறது. அதை ஏற்காத சட்டப் பிரிவுகளுக்காகவே அவர்கள் பணத்துக்கு ஒரு உரிமப் பத்திரமும் விற்கிறார்கள்! உங்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ஜீரோ பிஎஸ்டி எடுங்கள், பெயர்கூடப் போட வேண்டாம் என்கிற லைசென்ஸ் அது.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் களஞ்சியமான என்பிஎம்மில் வெளியிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'அன்லைசென்ஸ்' என்பது பொதுவுடைமையாக விடும் லைசென்ஸ். 'அன்லைசென்ஸ்டு' என்று கடைசியில் ஒரு எழுத்து கூட்டிப் பெரிய எழுத்தில் போட்டால், யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை என்று பொருள். நேர் எதிர்.

யாரோ என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். என்ன செய்வது?

முதலில் கோபத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஆதாரத்தைச் சேமியுங்கள்: எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, எந்தத் தேதி. பிறகு தனியாக ஒரு கடிதம். "இந்த நிரல் என்னுடையது, எம்ஐடி. லைசென்ஸ் வாசகம் விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்" என்ற மூன்று வரி போதும். எனக்கு இப்படி நான்கு முறை நடந்தது. மூன்றில் மன்னிப்போடு ஒரே வாரத்தில் சரியானது. நான்காவது பதிலே இல்லை, தளத்துக்கு டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்) புகார் அனுப்பினேன், நிரல் இறங்கியது. ஜிபிஎல் 3-லும் இந்தப் பொறுமை எழுதியே இருக்கிறது: முதல்முறை மீறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமை திரும்பிவிடும்.

என் பிழையால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால்?

லைசென்ஸ் வாசகத்தில் பெரிய எழுத்தில் கத்துவது போல ஒரு பத்தி இருக்கிறதே, அதற்காகத்தான் அது. உத்தரவாத மறுப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க வணிகச் சட்டம் கேட்பதால் அந்த அலங்காரம். வேண்டுமென்றே செய்த தீங்குக்கு அது கேடயமாகும் என்று நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஜனவரியும் பதிப்புரிமை வரியில் ஆண்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முதலில் வெளியிட்ட ஆண்டு போதும்.

கடைசியாக, எந்த எந்த இடத்தில் எழுத வேண்டும்?

வேர் அடைவில் லைசென்ஸ் என்ற பெயரில் முழு வாசகத்தோடு ஒரு கோப்பு. பேக்கேஜ் விவரக் கோப்பில் எஸ்பிடிஎக்ஸ் குறிச்சொல் (லைசென்ஸின் தரப்படுத்திய குறும்பெயர்). அந்தக் குறிமுறை 2021-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது, இயந்திரங்கள் அதைத்தான் படிக்கின்றன. ஒவ்வொரு மூலக்கோப்பின் தலையிலும் அதே குறிச்சொல் ஒரே வரியாக. கோப்பு தனியாகப் பிய்ந்து போனாலும் அடையாளம் கூடவே போகும். மற்றவர் நிரலைச் சேர்த்திருந்தால் அவர் லைசென்ஸும் பக்கத்தில்.

வெளியிட்ட பிறகு பேக்கேஜை ஒரு காலி அடைவில் இறக்கி, உள்ளே லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ரெப்போவில் பல பேக்கேஜ்கள் வைத்திருப்பவர்கள் முக்கியமாகப் பாருங்கள், வேரில் இருக்கும் கோப்பு உட்பேக்கேஜுக்குள் தானாகப் போகாமல் போகலாம். என்னுடைய ஒரு லைப்ரரி ஏழு பதிப்புகள் அப்படி லைசென்ஸ் இல்லாமலேயே வெளியே போயிருக்கிறது. ரெப்போவில் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.